கையில் ஊற்றாத தண்ணீர்

திண்டிவனத்தில் எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து, பிரசங்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால், பாஸ்டர் மைக்கை நீட்டுவார். கர்த்தர் அந்த வாரம் தனக்கு என்ன செய்தார் என்று விருப்பமுள்ளவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். பையனுக்கு வேலை கிடைத்தது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, போர் போட்ட இடத்தில் தண்ணீர் வந்தது. சொல்லி முடித்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் என்பார்கள். இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கிடைத்ததற்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான்.

என் சண்டையெல்லாம் இன்னொரு வகைச் சாட்சியோடு. அதற்கு விசுவாச சாட்சி என்று பெயர். இன்னும் கிடைக்காத ஒன்றைக் கிடைத்துவிட்டதாகவே எழுந்து நின்று சொல்லி, முன்கூட்டியே நன்றி செலுத்திவிடுவது. அப்படிச் சொன்னால் அது நடந்தே தீரும் என்பது நம்பிக்கை. நான் விழுப்புரத்தில் பஸ் டெப்போவில் மெக்கானிக். பிரேக் பிடிக்காத வண்டியைப் பிடித்துவிட்டது என்று சொல்லி ரோட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் இதைச் சொன்னால், "உனக்கு எல்லாமே பஸ்ஸுதான்" என்பாள்.

அம்மா சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது இந்த அக்காதான் எழுந்து நின்றாள். "எங்கம்மா பூரண சுகமாயிட்டாங்க, ஸ்தோத்திரம்" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். மனசார நம்பினேன், அதுதான் கொடுமை. அந்த வருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை வருவதற்குள் அம்மா போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "கர்த்தர் பரலோகத்துல முழுச் சுகம் குடுத்துட்டாருப்பா" என்றார். அவரை நான் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

அதோடு நான் சபைக்குப் போவதை விட்டேன். கடவுள் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இருக்கலாம், ஆனால் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி விழுப்புரத்துச் சபைக்குக் கிளம்பும்போது நான் பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நல்ல நிலையில் இருந்த பைக் அது. பிரித்துப் பிரித்தே அதைப் பாழாக்கினேன்.

அப்பா திண்டிவனத்தில் அக்கா வீட்டில் இருந்தார். கெடார் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அம்மாவைக் கட்டிக்கொண்ட கையோடு ஊரை விட்டு வந்து, திண்டிவனத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கி எங்களை ஆளாக்கினார். நான் அறிந்த அப்பா எங்கேயும் ராஜா மாதிரி நடப்பவர். ஓட்டலுக்குள் நுழைந்தால் ஃபேனுக்குக் கீழே இருக்கும் மேஜையாகப் பார்த்து உட்காருவார். "தம்பி, சாம்பார்ல பருப்பு எங்க போச்சு, லீவா?" என்று சப்ளையரை வம்புக்கு இழுப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர் போனது, பிறகு தெருப் பெயர், பிறகு அம்மா செத்துப்போனது. சமீபத்தது முதலில் அழியும், பழையது கடைசிவரை நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு டீக்கடையில். அப்பாவை வெளியே அழைத்துப் போனவன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கடைக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே சாக்கடை ஓரமாகக் குந்தியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீராவது குடிக்கட்டும் என்று டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, "மேல இருந்து ஊத்து சாமி" என்றார்.

பெற்ற மகனைப் பார்த்துச் சாமி என்றார்.

அவர் இளவட்டமாக இருந்தபோது அவர் ஊரில் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் தண்ணீர். கடைக்கு வெளியே தரையில் குந்த வேண்டும். டம்ளர் கிடையாது. தொடாமல் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். அதையெல்லாம் தாண்டி வந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாம்பாருக்குச் சண்டை போட்ட மனுஷன். அந்த நல்ல வருஷங்களையெல்லாம் நோய் துடைத்து எடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தது. கடவுள் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கு இரட்டிப்பானது. துடைப்பதென்றால் அதைத் துடைத்திருக்கலாமே.

இந்த அப்பாதான் ஒரு நாள் காணாமல் போனார். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் வாசல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். பஸ் ஏறியதைப் பார்த்ததாக ஒரு பூக்காரம்மா சொன்னார். எந்த பஸ் என்று தெரியவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கெடாருக்குப் போய்ப் பார்த்தோம், அங்கே வரவில்லை. விழுப்புரம் ஜங்ஷன், அரசு ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று அலைந்தோம். டெப்போவில் இருந்த கண்டக்டர் நண்பர் ஒருவர் அப்பாவின் போட்டோவைத் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பாண்டிச்சேரி, செஞ்சி, திருவண்ணாமலை என்று எல்லா ரூட்டிலும் போகும் கண்டக்டர்களும் ஜன்னல் வழியாக அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போலீசைவிட நான் அவர்களைத்தான் நம்பினேன்.

அக்கா உபவாசம் இருந்தாள். என் மனைவி மூலையில் முட்டிபோட்டாள். நான் பைக்கில் சுற்றினேன். அப்பா செத்திருப்பாரோ என்று எல்லோருக்கும் பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் உயிரோடு இருந்து, எங்கேயோ ஒரு வாசலில் குந்திக்கொண்டு, கையைக் குவித்து நீட்ட, அதில் எவனோ தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பான் என்ற பயம். இதை மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும்போல இருந்தது.

அந்த வாரம் ஞாயிறும் வந்து போனது. திங்கட்கிழமை காலை டெப்போவுக்குப் போனேன். கேண்டீன் வாசலிலேயே இளவயதுக் கண்டக்டர் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சந்தோஷம்ணா! அப்பா கெடைச்சிட்டாராமே. ஸ்வீட்டு எங்கண்ணா?"

"யாருப்பா சொன்னது?"

"குரூப்ல வந்துச்சேண்ணா. நேத்து மத்தியானமே. பெரியவர் வீடு வந்து சேர்ந்துட்டாரு, இனி தேட வேணாம், எல்லாருக்கும் நன்றின்னு."

அப்போது பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பாண்டிச்சேரி ரூட் கண்டக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அத ஏன் கேக்கறீங்க. நேத்து சாயந்தரம் வளவனூர் தாண்டி அச்சு அசலா உங்கப்பா மாதிரியே ஒருத்தரு. கால்ல செருப்பில்ல, ரோட்டோரம் குந்திக்கினு இருந்தாரு. நிறுத்துங்கன்னு டிரைவராண்ட சொல்ல வாயெடுத்துட்டேன். அப்பறம்தான், அட, அவருதான் கெடைச்சிட்டாரேன்னு டபுள் விசில் குடுத்துட்டேன்."

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நேத்து சபையில என்ன சொன்ன?"

"சாட்சி சொன்னேன். ஏன்டா?"

"அப்பா வந்துட்டாருன்னு சொன்னியா?"

"விசுவாசத்துல சொன்னேன். என் தகப்பன் வீடு வந்து சேர்ந்துட்டாரு, ஸ்தோத்திரம்னு. எல்லாருக்கும் தெரியுமே, அது விசுவாச சாட்சின்னு."

எல்லோருக்கும் தெரியவில்லை. சபைக்குப் புதிதாக வந்த யாரோ அதை நிஜம் என்று நம்பி, சந்தோஷப்பட்டு, போனில் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது கை மாறிக் கை மாறிக் கண்டக்டர் குரூப்புக்கே வந்துவிட்டது. ஒரு ஜில்லாவே தேடுவதை நிறுத்திவிட்டது. அப்பாவைக் கண்ணால் பார்த்த கண்டக்டர் விசில் அடித்துவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் நான் அக்காவிடம் கத்தினேன். அம்மாவையும் இழுத்தேன். டெப்போவே திரும்பிப் பார்த்தது.

அக்கா அழாமல் சொன்னாள்:

"உனக்குக் கோவம் இருக்குது. அதைப் புடிச்சிக்கினு நின்னுடுவ. எனக்கு என்னடா இருக்குது? இது ஒண்ணுதான் இருக்குது. இதையும் உட்டுட்டு நான் எங்க போவேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கி, "ஜல்தி போய்ப் பாருடா" என்றாள்.

கிளம்பினேன். வளவனூருக்கு முன்னால் ரயில்வே கேட் ஒன்று உண்டு. நான் போய் நிற்கவும் அது இறங்கவும் சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நேற்றுச் சாயந்தரம் குந்தியிருந்த மனுஷன் இன்று காலை வரை அங்கேயே இருப்பாரா? ரயில் வருகிற வழியாகவும் இல்லை. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் ஹார்ன் அடிக்கும் வேன். வேறு செய்ய எதுவும் இல்லாமல்தான் நான் ஜெபம் பண்ணினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆண்டவரே என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. அத்தனை வருஷம் பேசாமல் இருந்தவரிடம் திடீரென்று உறவு கொண்டாட முடியுமா? "இதோ பாருங்க" என்றுதான் ஆரம்பித்தேன். ஹெல்மெட்டுக்குள் வாய்க்குள்ளேயே சொன்னேன். "கண்டுபிடிச்சிக் குடுங்கன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு குடுப்பீங்க, எங்கம்மாவுக்குக் குடுத்த மாதிரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு எங்க இருந்தாலும் சரி, யாராவது அவரைத் தரையில குந்த விடாம சேர்ல உக்கார வெக்கணும். டம்ளர்ல தண்ணி குடுக்கணும். கையில ஊத்தக் கூடாது. அவ்ளோதான். இதுகூட முடியாதுன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க." ஆமென் சொல்லவில்லை. கேட் தூக்கிவிட்டார்கள்.

வளவனூர் தாண்டி ஒவ்வொரு கடையாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு போனேன். பஞ்சர் கடைக்காரர், அப்படி ஒருத்தர் நேற்று இருட்டுவதற்கு முன் வாய்க்கால் ரோட்டில் நடந்து போனார் என்றார். அந்த ரோட்டில் திரும்பினேன். இரண்டு பக்கமும் கரும்பு. கொஞ்ச தூரத்தில் நிலத்தை ஒட்டித் தனியாக ஒரு மாடி வீடு, வாசலில் தகர ஷீட் போட்டு டிராக்டர் நின்றது. சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்களின் வீடு என்று பார்த்தாலே தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது எனக்கு இன்றைக்கும் காரணமில்லாமல் முதுகு நிமிர்ந்துகொள்ளும், சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

ஷீட்டுக்குக் கீழே, சிவப்பு பிளாஸ்டிக் சேரில், அப்பா உட்கார்ந்திருந்தார்.

யாருடையதோ தேய்த்த சட்டை போட்டிருந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர். அதிலிருந்து சாவகாசமாக ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாப்பா, மில்லு லீவா?" என்றார். நான் அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை நேரம் அழுதேன் என்று தெரியாது.

நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு அம்மா உள்ளேயிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் மகன் என்று சொன்னதும், "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் கணவர் இதற்காகத்தான் காலையிலேயே வளவனூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்றார். பிறகு, நான் கேட்காமலே நடந்ததைச் சொன்னார்.

"நேத்து வெளக்கு வெக்கிற நேரங்க. மாட்டுத் தொட்டியாண்ட வந்து நின்னாரு. என்ன பெரியவரேன்னேன். தண்ணின்னாரு. சொம்புல கொண்டாந்தா வாங்கல. கையைக் குவிச்சிக்கினு கீழ குந்திட்டாரு. மேல இருந்து ஊத்தும்மான்றாரு." அவர் கையைக் குவித்துக் காட்டினார். "கையைப் பாத்ததுமே புரிஞ்சிப் போச்சிங்க. எங்க ஊர்லயும் சின்னப் புள்ளையில நான் பாத்திருக்கேன். ஊத்தறதுக்கு எனக்குக் கை வரல."

"அப்பறம்?"

"மேல வந்து சேர்ல உக்காருங்கன்னேன். முடியவே முடியாதுன்னுட்டாரு. ஒரே பேஜாராப் போச்சி. சரின்னு நானும் அவரு எதுக்கவே தரையில குந்திட்டேன். அவ்ளோதான், பதறிப் போயிட்டாரு. நீ கீழ உக்காரக் கூடாதும்மா, எழுந்திரும்மான்றாரு. நீங்க சேர்ல உக்காந்தாத்தான் நான் எழுந்திருப்பேன்னேன். என்னை எழுப்பறதுக்காவத்தான் சேர்ல உக்காந்தாரு. அப்பறம் டம்ளர்ல குடுத்தேன், குடிச்சாரு."

வீட்டுக்குள் கட்டிலில் அவருடைய மாமனார் படுத்திருந்தார். நான் எட்டிப் பார்த்து வணக்கம் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவருக்கு இஷ்டமில்ல. மாட்டுக் கொட்டாயில படுக்க வைன்னாரு. நான் ஹால்ல பாய் போட்டேன்" என்று அந்த அம்மா ரகசியக் குரலில் சொன்னார். அப்பா குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் கண் அந்த டம்ளரின் பின்னாலேயே போனது. என்ன செய்ய, அது பழகிப்போன கண். மற்ற பாத்திரங்கள் கிடந்த தொட்டியிலேயே அதையும் போட்டுவிட்டு, வேக வைத்த மல்லாட்டையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. நான் கேட்டது சேர், டம்ளர், கையில் ஊற்றக் கூடாது. மூன்றும் கேட்டபடியே நடந்திருந்தது. ஆனால் நான் கேட்டது இன்றைக்குக் காலை, ரயில்வே கேட்டில். நடந்ததோ நேற்றுச் சாயந்தரம். நான் ஹெல்மெட்டுக்குள் கடவுளை மிரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா இந்தச் சேரில்தான் உட்கார்ந்திருந்தார். கிடைப்பதற்கு முன்னால் நன்றி சொல்கிறாளே என்று அக்காவிடம் நான் சண்டை போட்டேன். எனக்கோ கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்து முடிந்திருந்தது.

தற்செயல் என்று சொல்லலாம். நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுள்ள ஒரு பெண், அவ்வளவுதான் என்று. ஆனால் யாரிடமும் சொல்லாத என் பயம் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? அந்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. அன்றிலிருந்து நான் நம்புகிறேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. அந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அப்பா எந்தெந்த வாசலில் குந்தினாரோ, யார் யார் ஊற்றினார்களோ, எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஏன் இல்லை என்பதற்கும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தது, இப்போது சண்டை போடும் அளவுக்கு உறவு ஏற்பட்டிருக்கிறது.

அப்பாவைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டபோது அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே என்னிடம் வந்தாள். "பாத்தியா, அந்தக் கண்டக்டரு நிறுத்தியிருந்தா அப்பா அந்த வீட்டுக்கே போயிருக்க மாட்டாரு" என்றாள்.

"அதுக்காக நீ பண்ணது சரின்னு ஆயிடாது."

"நான் சொன்னேனா சரின்னு?" என்றவள், "ஞாயித்துக்கிழமை வருவியா?" என்றாள். அவள் என்னை அப்படிக் கேட்பதையே நிறுத்தி ரொம்ப காலம் ஆகியிருந்தது.

போனேன். அப்பாவை முன்வரிசையில் வயதானவர்களோடு சேரில் உட்கார வைத்திருந்தார்கள். பாஸ்டர் மைக்கை நீட்டியபோது அக்காதான் எழுந்திருப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்தேன். நிறையச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வந்தது இரண்டே வரி.

"எங்கப்பாவுக்குக் கையில ஊத்தல" என்றேன். "சேர்ல உக்கார வெச்சி டம்ளர்ல குடுத்தாங்க."

பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யாரும் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. அங்கே அப்பாவோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.